சிவப்பு விழாத தப்புகள்

பெரம்பலூரில் வாரக் கடைசியில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அரியலூர், செந்துறைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். எல்லார் வீட்டு போனிலும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் இருக்கிறது. ஆட்டத்தை உள்ளே போட்டால் தப்பான நகர்த்தலுக்குச் சிவப்பு அடித்துக் காட்டிவிடும். மனிதனின் தப்புக்கு அது போதும். யானையைச் சும்மா கொடுத்திருப்பான், அந்த இடம் பளிச்சென்று தெரியும். எஞ்சினின் தப்பு அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை, இருபது முப்பது நகர்த்தலில் பரவிக் கிடக்கும்.

இதற்கு நான் எடுப்பது 2003 நவம்பரில் நியூயார்க்கில் காஸ்பரோவ், எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற எஞ்சினுடன் ஆடிய மூன்றாவது ஆட்டம். காஸ்பரோவுக்கு வெள்ளை. 12 நகர்த்தலுக்குள் ராணிப் பக்கமும் நடுவும் பூட்டிக்கொண்டன. வெள்ளைச் சிப்பாய்கள் பி6, சி5, டி4, இ3. எதிரே கருப்பு பி7, சி6, டி5, இ4. இங்கே கருப்புக்கு உருப்படியான வழி ஒன்றுதான்: எஃப்7 சிப்பாயை எஃப்5, எஃப்4 என்று தள்ளி ராஜா பக்கத்தைத் திறப்பது. இரண்டு வருடம் ஆடிய பிள்ளைக்கே கை தானாக அங்கே போகும். குறுக்கே நிற்பது எஃப்6 குதிரை மட்டும்.

ஃபிரிட்ஸ் 14-இல் மந்திரியை டி6-க்குக் கொண்டுபோய், 15-இல் இ7-க்கே திருப்பியது. 16-இல் காஸ்பரோவ் ஏ5 சிப்பாயைச் சாப்பிட்டுவிட்டார். 19-இல் குதிரை டி7-க்கு விலகியது, வழி திறந்தது. எஃப்5 வரும் என்று பார்த்தால் ராணி எச்6, மந்திரி எச்4, பிறகு 22-இல் குதிரை மறுபடி எஃப்6. 35-இல் அதே குதிரை இ8-க்குப் போய் இன்னொரு தடவை வழிவிட்டது. அடுத்த நான்கு நகர்த்தலும் ராஜா, மந்திரி, இன்னொரு மந்திரி, ராணி என்று போயின. 40-இல் குதிரை எஃப்6-க்கே வந்து உட்கார்ந்தது. வேலை இல்லாத நாளில் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவன் மாதிரிதான்.

காஸ்பரோவ் அவசரப்படவே இல்லை. ராஜாவை ஏ1 மூலைக்கு நடத்திக்கொண்டு போனார். ஏ சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக ஏ6 வரை தள்ளினார். 45-ஆவது நகர்த்தலில் ஃபிரிட்ஸை இயக்கியவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். எஃப்7 சிப்பாய் கடைசிவரை எஃப்7-லேயே இருந்தது.

இதில் எந்த நகர்த்தல் தப்பு? ராஜா ஜி8-லிருந்து எச்8, அங்கிருந்து ஜி8, மறுபடி எச்8: தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் இல்லை. அன்றைய நிரல் சில நகர்த்தல் ஆழம் எண்ணிப் பார்த்து, முடிவில் வரும் நிலைக்கு மதிப்பெண் போடும். பூட்டிய பலகையில் எதை ஆடினாலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். ஏ சிப்பாய் வந்து சேரும் வலி அது எண்ணும் எல்லைக்கு அப்பால் இருந்தது.

அதனால் எஞ்சினை மூடிவைக்கச் சொல்லுவேன். கருப்பின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் 'எதற்கு?' என்று எழுத வேண்டும். பதில் வராத கட்டங்கள் எங்கே அடுத்தடுத்து வருகின்றனவோ அங்கேதான் ஆட்டம் போயிருக்கிறது.

இதைச் செய்ய நேரம் வேண்டும், ஆடுகிறவருக்கும்தான். 1998-இல் நம் ஆனந்த் இத்தாலியின் இஸ்கியாவில் ரெபெல் 10 என்ற எஞ்சினுடன் எட்டு ஆட்டம் ஆடினார். ஐந்து நிமிட ஆட்டங்களில் ரெபெல் 3–1. பதினைந்து நிமிடத்திலும் அதுவே முன்னால். முழு நேரம் கொடுத்த இரண்டில் மட்டும் ஆனந்த் 1.5–0.5. மொத்தக் கணக்கில் 5–3 என்று தோற்றார். எனக்கு அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்கள்தான் பெரிது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் நரம்பு வலைப்பின்னல் வந்தபிறகு, காஸ்பரோவ் செய்ததுபோல் பலகையைப் பூட்டி எஞ்சினைப் பிடிப்பதும் சுலபமில்லை.

வகுப்பில் 19-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு பலகையை நிறுத்துவேன். கருப்பை அவர்கள் எடுத்து எஃப்5 தள்ள வேண்டும், வெள்ளையில் நான். ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டுவதில்லை, ஒரு சிப்பாய் ஏற்கெனவே போயாயிற்று. "சார், தோத்தாலும் பரவாயில்லையா?" என்று ஒருத்தன் கேட்டான். பரவாயில்லை, 45-க்கு மேல் இழு என்றேன்.