பொருநைக் கரையில் இரு நாள் பயணம்

பிள்ளைகளைக் கரையேற்றிப் பணி ஓய்வும் பெற்ற பின், கணவனும் மனைவியுமாக இத்தாலி நாட்டுக்குச் சென்று வருவோரை இக்காலத்தில் நம் பங்குகளில் காண முடிகிறது. உரோமை, அசிசி, பிளாரன்ஸ், பீசா, வெனிஸ் ஆகிய பழம்பெரும் நகரங்களைப் பத்து நாளில் சுற்றிவிட்டுத் திரும்புகின்றனர். முப்பது ஆண்டுகள் வீட்டுக்கும் வேலைக்குமாக ஓடிய இருவர், அருகருகே அமர்ந்து உலகைக் காண்பது இல்லறத்தின் நற்பேறுகளுள் ஒன்றேயாகும்.

அவ்வாறு சென்று வந்த ஆசிரியத் தம்பதியர் எனக்குத் தெரிந்தவர்கள். “அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வரலாறு சொல்கிறார்கள், சாமி. நம் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?” என்று வினவினார் ஆசிரியர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, இங்கேயே நாற்பது ஆண்டுகள் பாடம் சொன்னவர் அவர். “இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆறு போகும் வழியே நாமும் போவோம்” என்றேன். அந்தப் பயணத்தில் கண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

மலையடிவாரத்தில்

பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழம்பெயர். பிறப்பும் முடிவும் தமிழ் மண்ணிலேயே அமைந்த வற்றாத ஆறு இது.

பாபநாசத்தில் பயணத்தைத் தொடங்கினோம். வடக்கே கயிலையில் நடந்த சிவன் பார்வதி திருமணக் காட்சி, தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியருக்கு இங்கே கிடைத்தது என்பது சைவ மரபு. அருவிக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தம் அதனாலேயே அப்பெயர் பெற்றது. அந்த அருவியில்தான் 1925ஆம் ஆண்டு ஜூன் மாதம் வ.வே.சு. ஐயர் உயிர் துறந்தார். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர். அங்கு எழுந்த தனிப்பந்திப் பூசலால் நாடெங்கும் விவாதத்துக்கு ஆளானவர். அவரைப் பற்றி எவர் என்ன கருதினாலும், அருவியில் வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்து மாண்ட தந்தை அவர் என்பதை நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது.

பாபநாசப் படித்துறையில் நீராட வருவோர் பலர், தாம் உடுத்தி வந்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். கல்லிடுக்குகளில் சிக்கிய அத்துணிகளைக் கண்டு ஆசிரியரின் துணைவியார் முகம் சுளித்தார். நாமும் நம்மைத் தேற்றிக்கொள்வதற்கில்லை. பங்குச் சுற்றுலாக்கள் முடிந்த மாலையில், நாம் உண்டு எறிந்த தட்டுகளும் அதே தண்ணீரில்தான் மிதக்கின்றன.

பாயில் நெய்த பெயர்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எனக் கிழக்கு நோக்கி வருகையில் இருபுறமும் வயலும் வாழையுமாகப் பசுமை தொடர்கிறது. இந்தப் பசுமை தானே வந்ததன்று. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு ஆங்கிலேயர் வருமுன்னரே கட்டப்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் காலத்தில் எழுந்தது. உரோமையரின் கால்வாய்களைப் படம் பிடித்து வந்த ஆசிரியர், தம் வீட்டுச் சோற்றுக்கு நீர் தந்த கன்னடியன் கால்வாயின் கரையில் அன்றுதான் முதன்முறையாக நின்றார்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வீடொன்றில் எங்களை அன்போடு வரவேற்றனர். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, இழை இழையாகக் கீறி, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கின்றனர். மெல்லிய பட்டுப்பாய் துணிபோல் மடங்குகிறது. இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு 1953ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பாய் அன்பளிப்பாகச் சென்றது. இசுலாமியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் காத்து வரும் கலை இது. எல்லாச் சமயத்தாரும் தங்கள் வீட்டுத் திருமணத்திற்கு இவர்களிடம் பாய் வாங்குகின்றனர். மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருகிறார்கள். “நம் கலியாணத்துக்கும் இப்படி ஒரு பாய் வந்ததே! அதை எங்கே வைத்தோம்?” என்று துணைவியார் கேட்க, ஆசிரியர் விழித்தார். வெனிஸ் நகரில் வாங்கிய கண்ணாடிக் குவளைகள் மட்டும் அவர்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன!

நகைகள் பாலமான கதை

மாலையில் திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலில், சுவாமிக்கும் காந்திமதி அம்மைக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் நீண்ட சங்கிலி மண்டபத்தை 1647ஆம் ஆண்டில் வடமலையப்பப் பிள்ளையன் கட்டினார். மணிமண்டபத்தில் ஒரே கல்லில் வெட்டிய சிறு தூண்கள் தட்டினால் இசை எழுப்புகின்றன. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அந்த மதிப்போடு நாங்கள் அம்மண்டபத்தில் நடந்தோம். கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் அல்வா வாங்க நின்ற வரிசையில் நாங்களும் நின்றோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நெல்லையர் மன்னிக்கமாட்டார்கள்.

நகரையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தில் சிறிது நேரம் செலவிட்டோம். ஒரு காலத்தில் மக்கள் பரிசலிலும் படகிலும் இந்த ஆற்றைக் கடந்தனர். வெள்ளம் வந்தால் உயிருக்கு உறுதியில்லை. பாலம் கட்டப் பொதுமக்களிடம் திரட்டிய பணம் போதவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தம் பொருளையும் மனைவியின் பொன் நகைகளையும் கொடுத்து அச்செலவை ஏற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இலண்டன் வாட்டர்லூ பாலத்தைப் போன்று வளைவுகளுடன் அமைந்த இப்பாலம் 1843ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்றது. இன்றும் நாம் அதன்மேல்தான் செல்கிறோம்.

பிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின்மேல் பொன்தே வெக்கியோ என்னும் பழைய பாலம் இருக்கிறது. 1345இல் கட்டப்பட்டது. 1593இல் அங்கிருந்த இறைச்சிக் கடைகளை அகற்றிவிட்டுப் பொற்கொல்லர்களுக்கு இடம் கொடுத்தார் அந்நாட்டுக் கோமகன். அது முதல் பாலம் நெடுகிலும் நகைக் கடைகள். எங்கள் தம்பதியர் அங்கே ஒரு சிறு தோடு வாங்கியிருந்தனர். அந்தத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு துணைவியார் சொன்னார்: “அந்த ஊரில் பாலத்தின்மேல் நகை விற்கிறார்கள். நம் ஊரில் ஒருத்தி நகையைக் கொடுத்துப் பாலம் கட்டியிருக்கிறாள். இத்தனை வருடம் இதன்மேல் பஸ்ஸில் போனேனே, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, சாமி!” ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை.

மண்ணுக்குள் இருந்தவர்கள்

மறுநாள் காலை பாளையங்கோட்டை. தஞ்சையிலிருந்து வந்த கைம்பெண் குளோரிந்தா 1785இல் எழுப்பிய சிற்றாலயம், பிற சபைச் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்வையற்றோர்க்கும் செவித்திறன் அற்றோர்க்கும் தொடங்கிய பள்ளிகள், இயேசு சபையார் 1923இல் நிறுவிய தூய சவேரியார் கல்லூரி ஆகியவற்றைக் கண்டு, திருச்செந்தூர்ச் சாலையில் கிருட்டிணாபுரம் சேர்ந்தோம். நாயக்கர் காலச் சிற்பங்கள் இங்கே உயிரோடு நிற்பன போல் உள்ளன. அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் விலாவெலும்பை விரல்விட்டு எண்ணலாம். மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கியது பளிங்கு. நம் சிற்பிகளுக்கு வாய்த்ததோ உளிக்கு எளிதில் இணங்காத கருங்கல்.

அதே சாலையில் அமைந்தது ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லின் நகரத்து யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. அகழ்ந்த குழிகளின்மேலேயே கண்ணாடி பதித்த காட்சியகம் 2023 ஆகஸ்டு முதல் உள்ளது. காலுக்கடியில் தாழிகள் தெரிய நடப்பது புதுமையான அனுபவம். அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல், ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையது என ஆய்வில் தெரியவந்தது. உரோமை நகரம் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் கி.மு. 753க்கு நான்கு நூற்றாண்டுகள் முந்திய நெல் அது. இறந்தவரோடு நெல்லையும் வைத்தவர்கள், மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

கடல் பின்வாங்கிய ஊர்கள்

ஸ்ரீவைகுண்டம் கடந்து கொற்கை வந்தோம். பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க நூல்களில் கொல்கை எனப் பேர் பெற்றது. இன்று வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். கடலைக் காண ஏறத்தாழ 7 கி.மீ. செல்ல வேண்டும். ஆறு கொணர்ந்த வண்டல் கரையை மேடாக்கியது, கடல் விலகியது, வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்காயலைப் பற்றி எழுதியுள்ளார். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளோடு மரக்கலங்கள் வந்து குவிந்த இடம் அது. பின்னர் அதையும் மண் மூடியது. பழைய காயல் எனும் பெயர் மட்டும் எஞ்சியது.

“பீசாவிலும் இதைத்தானே சொன்னார்கள்!” என்றார் ஆசிரியர். ஆம், கப்பற்படை வைத்திருந்த பீசா, ஆர்னோ ஆற்றின் வண்டலால் கடலை இழந்தது. உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓஸ்தியாவின் ஒவ்வொரு கல்லுக்கும் அங்கே பெயர்ப்பலகை உள்ளது. கொற்கையைத் தேடி வரும் அயல்நாட்டாருக்கு அதன் பெருமை தெரிகிறது. ஆற்றங்கரைப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பர்?

பயணத்தின் முடிவு புன்னைக்காயல். இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் இக்கடற்கரைக்கு வந்தவர்; 1600இல் இறக்கும்வரை இம்மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்று இலக்கணம் எழுதினார். அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. புனிதர் வாழ்க்கைகளைக் கூறும் ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. அச்சிட்ட இடம் புன்னைக்காயல் என்பதே பெரும்பாலோர் கருத்து. அச்சுப் பணிக்குப் பொருள் கொடுத்தவர்கள் முத்துக்குளிக்கும் பரதவ மக்கள். மூச்சடக்கிக் கடலுக்கடியில் தேடிய பணத்தைத் தங்களுள் பலருக்கு வாசிக்கவும் தெரியாத நூலுக்காக ஈந்தனர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று இதைச் சொன்னபோது, எங்கள் மூவருக்கும் தொண்டை அடைத்தது.

எஞ்சி நிற்பது எது?

அன்பார்ந்த வாசகர்களே, பாண்டியரின் முத்து வணிகம் போயிற்று. காயலின் குதிரைச் சந்தையும் போயிற்று. பாலமும் சங்கிலி மண்டபமும் அச்சேறிய நூலும் நிற்கின்றன. பிறருக்கென்று கொடுக்கப்பட்டவை காலத்தைக் கடக்கின்றன என்பதே இந்த ஆற்றங்கரை எனக்குக் கற்பித்த பாடம்.

1966 நவம்பரில் ஆர்னோ பெருகி பிளாரன்ஸ் நகரம் சேற்றில் மூழ்கியது. பல நாட்டு இளைஞர்கள் சென்று, சேற்றிலிருந்து நூல்களையும் ஓவியங்களையும் மீட்டனர். 2023 டிசம்பரில் நம் ஆறு பெருகியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு இரயில் சிக்கியது. வெள்ளம் தங்கள் வீட்டு வாசலில் நிற்கவும், அருகிலுள்ள புதுக்குடி ஊரார் கையிலிருந்த அரிசியைப் பொங்கி அம்முகமறியா மக்களுக்கு ஊட்டினர். பாலம் கட்டியவர்களின் குணம் இந்தக் கரையில் இன்னும் வற்றவில்லை. ஆயினும் ஆற்றின் நீர்தான் நம்மால் கெட்டுக்கொண்டிருக்கிறது. நகரின் கழிவுநீர் அதில் கலக்கிறது. வரலாறு அறியாத மக்கள் ஆற்றை வடிகாலாகவே காண்பர்.

ஆகவே, திருமண வெள்ளிவிழாவோ பொன்விழாவோ காணும் தம்பதியர்க்கு ஒரு வேண்டுகோள். உரோமைக்குச் செல்ல வாய்ப்பிருப்பின் மகிழ்வோடு செல்லுங்கள். அதற்கு முன்னோ பின்னோ, பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஒருமுறை செல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கட்டுச்சோறு கொண்டுபோங்கள்; இலையையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். பாலத்தில் வண்டியை விட்டிறங்கி, நகை கொடுத்த அந்த மனைவியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று அவர்கள் கேட்டால், விடை சொல்ல நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.