செந்தூர் வண்டி

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூருக்கு 61 கிலோமீட்டர். 1923-இல் திறந்த பாதை. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தாமிரபரணிப் பாலம் வரும். அதன்பின் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் என்று ஆற்றின் தென்பக்கமாகவே போகும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்த வண்டியில்தான் போனேன். காரில் கூப்பிட்டார்கள், மனம் ஒப்பவில்லை.

செய்துங்கநல்லூர் தாண்டினால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. இறந்தவர்களைத் தாழியில் இட்டு, கூடவே மண்கலயங்களும் இரும்புக் கருவிகளும் வைத்த இடம். அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள்கூடக் கிடைத்தன. வாத்தியார் இதைச் சொன்ன அன்று சாயங்காலம் அவன் கேட்டான்: "ஏல, நம்ம செத்தா என்னத்த வைப்பாவ?" "சீசன் டிக்கெட்ட வைப்பாவ" என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. ஆற்றுக்கு இக்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு இங்கேதான் நின்றுபோனது. ஜல்லியை வெள்ளம் அடித்துப்போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் தண்ணீர் நிற்க, புதுக்குடிக்காரர்கள் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த ஊரை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது. போன் கிடைத்ததும் அவன் தன் கருப்பட்டிக் கடைக்குள் ஏறிய தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நம்ம லைன் போச்சுல" என்று அழுதான். மறுபடி வண்டி ஓட ஜனவரி ஆனது. ஓடியதும் ஒரு வேலையும் இல்லாமல் ஆழ்வார்திருநகரி வரை போய்த் திரும்பினான்.

அடுத்து நாசரேத். மர்காஷிஸ் ஐயர் பள்ளிகளும் ஆஸ்பத்திரியும் வளர்த்த ஊர். குரும்பூரிலிருந்து இங்கேதான் படிக்க வந்தோம். நடுவே கச்சனாவிளை ஒன்றுதான். அப்போது மீட்டர் கேஜ். வாசற்படியில் உட்கார்ந்து வருவோம், இரு பக்கமும் பனை. முழுப்பரீட்சை நாளொன்றில் எங்களில் ஒருவனுடைய பை கச்சனாவிளைக்கு முன்னால் வெளியே விழுந்தது. அவன் பை என்பேன் நான். என் பை என்பான் அவன். கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. இனி மறுத்துப் பேச ஆளில்லை, நான் சொல்வதே நடந்ததாக ஆகிவிடும். கச்சனாவிளையில் வண்டி நின்றபோது அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வயதில் என்னைப் பார்த்த கண்கள் வேறு எவரிடமும் இல்லை.

ஆறுமுகநேரியில் உப்பளங்கள். காயல்பட்டினத்தில் அந்த டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. பிறகு திருச்செந்தூர், தண்டவாளம் அதோடு முடிகிறது.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, பரீட்சை அன்னைக்குப் பைய விட்டது நீங்கதான? அப்பா எப்பவும் சொல்லுவாவ."

"இல்லம்மா, உங்கப்பா."

அவள் விடவில்லை. நீலப் பை என்றாள், உள்ளே ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது என்றாள், கேங்மேன் எடுத்து வந்து கொடுத்தார் என்றாள். பை காக்கி நிறம் என்று நான் திருத்தினேன். "நீலம்தான் சித்தப்பா" என்று அவள் குரலை உயர்த்த, நானும் உயர்த்தினேன்.