ஞாயிறு பைனலும் ஒரு சஷ்டி விரதமும்

ஓம் சரவணபவ. இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். பசியாறிட்டு உட்கார்ந்து பொறுமையா படிங்க.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 9, துபாயில் சாம்பியன்ஸ் டிராபி பைனல். இந்தியாவும் நியூசிலாந்தும். நம்ம நேரப்படி மாலை 5 மணிக்கு ஆரம்பம். செவ்வாய்க்கிழமை அரையிறுதியில ஆஸ்திரேலியா எடுத்த 264-ஐ இந்தியா விரட்டிப் பிடிச்சதிலிருந்து நம்ம இளைஞர் பகுதி வாட்ஸ்அப் குரூப்புல யாருக்கும் தூக்கம் இல்லை. கோலி 84 அடிச்சார். ராகுல் ஒரு சிக்ஸர் தூக்கி ஆட்டத்தை முடிச்சார். மறுநாள் காலையிலேயே தம்பிங்க ரெண்டு கேள்வி போட்டுட்டாங்க.

ஒண்ணு, மண்டபத்தில் திரை கட்டி ஆட்டம் பார்க்கலாமா? அதை நிர்வாகம் முடிவு பண்ணும். ஏழு மணி பூஜைக்குச் சத்தத்தை நிறுத்திட்டு எல்லாரும் சன்னதிக்கு வந்தா எனக்கு ஆட்சேபம் இல்லை. ரெண்டாவது, இந்தியா ஜெயிக்க முருகனுக்குச் சிறப்பு அர்ச்சனை வைக்கலாமா? இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல. அதனாலதான் இந்தப் பதிவு.

2023 நவம்பரை ஞாபகப்படுத்திப் பாருங்க. 12-ஆம் தேதி தீபாவளி. 13-ஆம் தேதி கந்த சஷ்டி விரதம் தொடங்கிச்சு. 15, புதன்கிழமை, மும்பையில் உலகக் கிண்ணத்தின் முதல் அரையிறுதி. 16, வியாழன், கல்கத்தாவில் ரெண்டாவது அரையிறுதி. 18, சனிக்கிழமை சூரசம்ஹாரம். 19, ஞாயிறு திருக்கல்யாணம். அதே நாள் அகமதாபாத்தில் பைனல். உலகக் கிண்ணத்தோட கடைசி வாரம் அப்படியே சஷ்டி வாரமா அமைஞ்சிடுச்சு. கிரிக்கெட் பைத்தியமும் முருக பக்தியும் ஒண்ணா இருக்கிறவங்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

முதல் அரையிறுதி அன்னைக்கு மடப்பள்ளியில அரிசி மூட்டை மேல ஒரு போன் சாய்ச்சு வச்சிருந்தாங்க. சத்தம் கிடையாது, படம் மட்டும். கோலி தன்னோட 50-ஆவது ஒருநாள் சதத்தை அடிச்சது, இந்தியா 397 எடுத்தது எல்லாம் முடிஞ்சது. கவச பாராயணம் முடிஞ்சு வந்து பார்த்தா வில்லியம்சனும் மிட்செலும் நின்னு விளையாடுறாங்க. வில்லியம்சன் கொடுத்த லட்டு மாதிரி கேட்சை ஷமி கீழே விட்டார். பூசணிக்காய் வெட்டிக்கிட்டிருந்த அக்கா கத்தியைக் கீழ வச்சிட்டாங்க. கொஞ்ச நேரத்தில் அதே ஷமி ஒரே ஓவரில் வில்லியம்சனையும் லேத்தமையும் தூக்கினார். மொத்தம் 57 ரன் கொடுத்து 7 விக்கெட். முதல் நாலு ஆட்டத்துல அவருக்கு டீமில் இடமே கிடையாது. அன்னைக்கு நள்ளிரவு தாண்டி ஆட்டம் முடிஞ்சப்ப நெற்றியில திருநீறோட நின்னவங்க எல்லாம் ஷமி, ஷமின்னு சொன்னது இன்னும் என் காதுல இருக்கு.

நம்ம தொண்டர்கள்ல ஒரு தம்பி. பேர் வேண்டாம். அப்ப அவனுக்கு 22 வயசு. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். வேலைக்கும் போனான், ஆலயத்துக்கும் வந்தான். சூரசம்ஹாரத்துல சூரன் உருவத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினவன் அவன்தான். தலை மாறி மாறி, யானைமுகம், சிங்கமுகம், கடைசியா சூரபத்மன், ஒவ்வொரு தடவையும் அவன்தான் சுத்தி ஓடினான். என்ன வேண்டுதல்னு கேட்டேன். "வேற என்னண்ணே, இந்தியா கப்பு தூக்கணும்"னான். சிரிச்சேன். ஆனா அவன் சிரிக்கல.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லாருக்கும் தெரியும். லீக்கில் 9 ஆட்டம், அரையிறுதி ஒண்ணு, பத்துக்குப் பத்து ஜெயிச்சு வந்த டீம். 90,000 பேருக்கு மேல நீலச் சட்டை. முதல் நாளே ஆஸ்திரேலிய கேப்டன் கம்மின்ஸ் சொல்லிட்டார், பெரிய கூட்டம் அமைதியாகுறதைக் கேட்கிறது மாதிரி திருப்தி எதுவும் இல்லைன்னு. கோலி 54-ல போல்டு ஆனப்ப அந்த அமைதி வந்துச்சு. முதல் 10 ஓவரில் 80 ரன் எடுத்த டீம், அடுத்த 40 ஓவரில் அடிச்ச பவுண்டரி நாலே நாலு. மொத்தம் 240. பும்ராவும் ஷமியும் 47 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தப்ப திருக்கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட களைப்பெல்லாம் போயிடுச்சு. அதுக்கப்புறம் டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் சேர்ந்து 192. அவ்வளவுதான். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லாம் முடிஞ்சது.

அந்த ரெண்டு பேரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஹெட்டுக்கு உலகக் கிண்ணத்துக்கு முன்னாடி கை உடைஞ்சிருந்தது. பாதி லீக் ஆட்டம் அவர் ஊரில் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் அவர் இடத்துக்கு வேற ஆள் போடாம காத்திருந்தாங்க. லபுஷேன் முதல்ல அறிவிச்ச பட்டியலிலேயே கிடையாது. இன்னொருத்தருக்குத் தலையில அடிபட்டு, அவருக்குப் பதிலா இறங்கி ரன் அடிச்சு உள்ளே வந்தவர். நான் பாக்டரியில லைன் பார்க்கிறவன். கை உடைஞ்ச ஆளுக்கு இடத்தை வச்சுக்கிட்டுக் காத்திருக்கிறது எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியும். பைனலில் ஹெட் 137. லபுஷேன் 110 பந்து நின்னு 58, அவுட் இல்லை. நம்மைத் தோக்கடிச்சவங்கதான், ஆனா அந்த உழைப்பைப் பார்க்காம இருக்க முடியல.

ராத்திரி 12 மணிக்கு மேல குரூப்பைத் திறந்தேன். தம்பியோட மெசேஜ். "ஆறு நாள் பட்டினி கிடந்தேன். முருகன் கேக்கல. இனி நான் ஆலயத்துக்கு வரல." அதுக்குக் கீழே மத்தவங்க எழுதினது இன்னும் மோசம். ஹெட்டோட மனைவி, கைக்குழந்தை வரைக்கும் இழுத்து வெளியில வந்த அசிங்கமான பதிவுகளை நம்ம குரூப்பிலேயும் பகிர்ந்திருந்தாங்க. மேல முருகன் படம், கீழே இது.

அடுத்து மேக்ஸ்வெல். ரோகித் விக்கெட்டை எடுத்தவரும் அவர்தான், கடைசி ரெண்டு ரன் அடிச்சவரும் அவர்தான். அவர் மனைவி வினி ராமன் தமிழ்ப் பொண்ணு, மெல்பர்ன்ல வளர்ந்தவங்க. அவங்க கல்யாணத்துக்கு அடிச்ச தமிழ்ப் பத்திரிகையை 2022-ல நாம எல்லாரும் பெருமையா பகிர்ந்தோம். நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு சொன்னோம். பைனல் முடிஞ்சதும் அதே பொண்ணுக்கு உலகம் பூரா இருந்து வசை. இந்தியரா இருந்துக்கிட்டே, தான் பிறந்து வளர்ந்த நாட்டையும் தன் கணவர் விளையாடுற டீமையும் ஆதரிக்கலாம், இதைச் சொல்ல வேண்டியிருக்கேன்னு அவங்களே எழுத வேண்டியதாப் போச்சு.

இதை நாம கொஞ்சம் யோசிக்கணும். நாம இங்க பிறந்தவங்க. நம்ம பிள்ளைங்க பள்ளியில நெகாராகு பாடுறாங்க. பேட்மிண்டன்னா மலேசியாவுக்குத் தொண்டை வறள கத்துறோம். கிரிக்கெட்னா இந்தியா. என்னய்யா இது, இருக்கிறது இங்க, ஆதரவு அங்கயான்னு யாராவது கேட்டா நமக்கு எவ்வளவு கோபம் வருது? விளையாட்டுல வைக்கிற பாசத்துக்கும் நாட்டு விசுவாசத்துக்கும் முடிச்சுப் போடாதீங்கன்னு நாம சொல்றோம். அதே நியாயம் மெல்பர்ன்ல வளர்ந்த பொண்ணுக்கும் உண்டு இல்லையா?

நம்ம முருகன் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சூரசம்ஹாரத்தோட முடிவு. சூரன் மாமரமா நிக்கிறான். வேல் அதை ரெண்டாப் பிளக்குது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். எதிரியை முருகன் தூக்கி எறியல. ஒண்ணை வாகனமா வச்சுக்கிட்டார், ஒண்ணைக் கொடியில ஏத்திக்கிட்டார். சனிக்கிழமை சாயந்திரம் அதை நடத்திக் காட்டின கை, ஞாயிறு ராத்திரி ஒரு கைக்குழந்தையைத் திட்டுற பதிவைப் பகிருதுன்னா நாம எதைக் கும்பிட்டோம்?

தம்பி ஒரு வாரம் வரல. நாலாவது நாள் நானே போன் போட்டு மாமாக் கடைக்கு வரச் சொன்னேன். தே தாரிக் ஆறிப் போற வரைக்கும் பேசல. அப்புறம் கேட்டான், "அப்ப நான் இருந்த விரதம் வேஸ்டாண்ணே?"

நான் மில்லரைப் பத்திச் சொன்னேன். தென்னாப்பிரிக்கா டேவிட் மில்லர். அந்த வியாழக்கிழமை கல்கத்தாவில் 24 ரன்னுக்கு 4 விக்கெட் போன நேரத்துல இறங்கி 101 அடிச்சார். டீம் எடுத்ததே 212. ஆஸ்திரேலியா திணறித் திணறி மூணு விக்கெட் மிச்சத்துல ஜெயிச்சது. 1992, 1999, 2007, 2015, 2023. ஒருநாள் உலகக் கிண்ணத்துல அஞ்சு அரையிறுதி, ஒண்ணுல கூடத் தாண்டல அந்த நாடு. அங்கேயும் எத்தனை அம்மா, எத்தனை பாட்டி கையெடுத்துக் கும்பிட்டிருப்பாங்க? அவங்க விரதம் வேஸ்டா? நீ ஆறு நாள் ஒரு சுடுசொல் பேசாம இருந்தே, ராத்திரி பத்து மணிக்கு மேல ஆலயம் கூட்டினே. அது உங்கிட்ட இருக்கு, அதை ஹெட் எடுத்துக்கிட்டுப் போகலன்னு சொன்னேன். அவன் பதில் சொல்லல. மோட்டாரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். 26-ஆம் தேதி கார்த்திகை தீபத்தன்னைக்குச் சாயந்திரம் வந்து, யார்கிட்டயும் பேசாம, பிரகாரம் பூரா அகலுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தான். நானும் எதுவும் கேக்கல.

மீதிக் கதை 2024 ஜூன் 29. பார்படாசில் டி20 உலகக் கிண்ண பைனல். நமக்கு ராத்திரி 10.30-க்கு ஆரம்பம். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துல 30 ரன் போதும், கையில ஆறு விக்கெட். கிளாசன் அடிச்ச அடியில நான் டிவியை அணைக்கக் கையை நீட்டிட்டேன். பும்ரா, அர்ஷ்தீப், ஹார்திக் மூணு பேரும் இறுக்கிப் பிடிச்சாங்க. கடைசி ஓவர், 16 ரன் வேணும், அடிக்கிறது அதே மில்லர். தூக்கி அடிச்சார். சூர்யகுமார் எல்லைக் கயிறு ஓரத்துல பிடிச்சு, பந்தை மேல போட்டு, வெளிய போயி, திரும்ப உள்ள வந்து பிடிச்சார். இந்தியா 7 ரன்னில் ஜெயிச்சது. காலை 2 மணி வாக்கில் தம்பிகிட்டயிருந்து மெசேஜ். "அண்ணே, இன்னைக்கு நான் நாசி ஆயாம் சாப்பிட்டுட்டுத்தான் மேட்ச் பார்த்தேன்." தனியா உட்கார்ந்து சிரிச்சேன். அதுக்குக் கீழே இன்னொண்ணு அனுப்பியிருந்தான். "மில்லர் பாவம்ணே."

அந்த மில்லர் இந்தப் புதன்கிழமையும் லாகூர் அரையிறுதியில 67 பந்தில் 100 அடிச்சார், அவுட் இல்லை. தென்னாப்பிரிக்கா 50 ரன்னில் தோத்தது. ரெண்டு அரையிறுதியில ரெண்டு சதம், ரெண்டுலயும் தோல்வி. அவர் இன்னும் மட்டையைத் தூக்கிக்கிட்டு வர்றார்.

இப்ப அர்ச்சனைக்கு வருவோம். இந்தியா ஜெயிக்கணும்னு வேண்டிக்க யாரும் தடை சொல்ல மாட்டாங்க. பிள்ளை பரீட்சைக்கு வேண்டுறோம், வேலைக்கு வேண்டுறோம். மனசுல இருக்கிறதைச் சாமிகிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்றது? நானும் ஞாயிறு ஏழு மணிக்கு முருகன் முன்னாடி நிக்கும்போது ஸ்கோர் என்னன்னு மனசு ஓடத்தான் செய்யும். ஆனா ஆலயத்தோட பேருல, ரசீது போட்டு, வெற்றிக்குன்னு சிறப்பு அர்ச்சனை வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஜெயிச்சா நம்ம அர்ச்சனைன்னு பெருமை பேசுவோம், தோத்தா இன்னொரு தம்பி "முருகன் கேக்கல"ன்னு வீட்டுல உட்காருவான். ரெண்டு பக்கத்து வீரர்களும் அடிபடாம நல்லபடியா விளையாடணும்னு சேர்த்து வேண்டிக்குவோம். குருக்கள் ஐயாகிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கேன்.

ரெண்டு பக்கமும்னு ஏன் சொல்றேன்னா, நியூசிலாந்தும் நமக்கு அந்நியம் இல்லை. 2008-ல 19 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான உலகக் கிண்ணம் நம்ம நாட்டுலதான் நடந்தது. அரையிறுதியில இந்தியாவும் நியூசிலாந்தும் மோதினாங்க. இந்தியாவுக்குக் கேப்டன் கோலி, நியூசிலாந்துக்குக் கேப்டன் வில்லியம்சன். அந்த இந்திய டீமில் ஜடேஜாவும் இருந்தார். மார்ச் 2-ஆம் தேதி கின்ராரா ஓவலில் தென்னாப்பிரிக்காவை ஜெயிச்சு கோலி கிண்ணத்தைத் தூக்கினார். பூச்சோங் பக்கம் இருக்கிறவங்க தினமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறீங்க. இங்க பையன்மாரா விளையாடின அந்த மூணு பேரும் 17 வருஷம் கழிச்சு ஞாயிற்றுக்கிழமை ஒரே மைதானத்துல இறங்கப் போறாங்க. அதைக் கண் குளிரப் பார்ப்போம்.

குரூப்புக்கு ஒரே ஒரு விதி. ஆட்டத்தைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க, அவுட்டா இல்லையான்னு அடிச்சுக்குங்க. யாருடைய மனைவி, பிள்ளை, மதம் பத்தியும் ஒரு எழுத்து வரக்கூடாது. வந்தா அழிச்சிடுவேன், கோவிச்சுக்காதீங்க.

அடுத்த புதன்கிழமை, 12-ஆம் தேதி மாசி மகம். செவ்வாய் ராத்திரி எட்டு மணியிலிருந்து காய்கறி நறுக்க ஆள் வேணும். போன தடவை மாதிரி நாலு பேர் மட்டும் வந்து விடிய விடிய நறுக்க முடியாது. கத்தியும் பலகையும் வீட்டிலிருந்து கொண்டு வாங்க, ஆலயத்துல இருக்கிறது பத்தாது. வர்றவங்க கீழே பேர் போடுங்க.

வேலும் மயிலும் துணை.