கூடலூருக்கு ஒரு டிடெக்டர் பார்சல்!

'மச்சி, கூடலூர்ல தங்கம் கிடைக்குதாம்டா! ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினா, செமஸ்டர் லீவுலயே செட்டில் ஆயிடலாம்!'

இந்த டயலாக் உங்க ஹாஸ்டலுக்கு இன்னும் வரலைன்னா, சீக்கிரமே வரும். தங்கம் விக்கிற விலை அப்படி! பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தமிழ்நாட்டுல கூடலூர் ஒண்ணுக்கு மேல இருக்கு பாஸ்.

தங்கக் கதை உள்ள கூடலூர், நீலகிரியில் இருக்கு. பக்கத்துல தேவாலா, பந்தலூர். 1880 வாக்கில் லண்டன்காரங்க அங்கே கம்பெனி மேல் கம்பெனியா ஆரம்பிச்சு, ஷேர் வித்தாங்க. ஆஸ்திரேலியாவில் இருந்து பிரஃப் ஸ்மித் என்கிற சுரங்க நிபுணர் வந்து ரிப்போர்ட் எல்லாம் கொடுத்தார். சில வருஷத்துல அத்தனையும் புஸ்ஸ்! தங்கம் இருந்தது, ஆனா பாறைக்குள்ள. தோண்டி எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகலை.

எங்க கூடலூர் தேனி மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கோட தென்கோடி. சுரங்கமெல்லாம் கிடையாது. திராட்சை, தென்னை, வாழை, நெல்லு... அவ்வளவுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதுவே எங்களுக்குத் தங்கம்!

'அதெல்லாம் முடியாது, டிடெக்டரோடதான் வருவேன்'னு அடம் பிடிக்கிறீங்களா? ஓகே. தேனியில பஸ் ஏறுங்க. ஜன்னல் சீட் உங்களுக்கு.

முதல் ஸ்டாப் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே முல்லைப் பெரியாத்துல இறங்கிக் குளிக்கும். மூக்குத்தி, தோடு, மோதிரம்னு எதுவாவது தவறி விழாமலா இருக்கும்? டிடெக்டரை டெஸ்ட் பண்ண இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இறங்கறதுக்கு முன்னாடி ஒரு குட்டி எக்ஸ்பெரிமென்ட். பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைக் கழட்டி, பாலிதீன் பையில சுத்தி, ஆத்து மணல்ல இழுத்துப் பாருங்க. கறுப்பு கறுப்பா மீசை முளைக்கும். ஆறாம் வகுப்புல நாம எல்லாரும் பண்ணின விளையாட்டுதான். அந்தக் கறுப்புப் பொடி மேக்னடைட், அதாவது இரும்புத் தாது. டிடெக்டருக்கு முதல் வில்லன் அதுதான். காயிலைத் தரைகிட்ட கொண்டு போனதும் தங்கமே இல்லாம கத்த வெச்சிடும். அதனால, வாங்குற மெஷின்ல 'கிரவுண்ட் பேலன்ஸ்' இருக்கான்னு முதல்ல கேளுங்க. தரையோட சத்தத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் சொல்ற வசதி அது.

அடுத்து ஃப்ரீக்வென்சி. இ.சி.இ. ஆளுங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க! காசு தேடுறதுக்குன்னே வந்த சாதா மெஷின் எல்லாம் குறைந்த ஃப்ரீக்வென்சிதான். காரெட் ஏஸ் 250 வெறும் 6.5 கிலோஹெர்ட்ஸ். பெரிய காசுக்கு அது போதும். ஏலக்காய் விதை சைஸ் தங்கத்துக்குப் பத்தாது. அத்துணூண்டு உலோகத்துல கிளம்புற மின்சுழல் சட்டுனு அடங்கிடும். அதைப் பிடிக்க வேகமான அலை வேணும். அதான், பொடித் தங்கத்துக்குப் பேர் வாங்கின மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000-க்கு 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்டு பக் 2-க்கு 71 கிலோஹெர்ட்ஸ். காயிலும் சின்னதா இருக்கணும். பெரிய காயில் ஆழமாப் பார்க்கும், பொடிசைத் தவறவிடும். 'பல்ஸ் இண்டக்‌ஷன்'னு இன்னொரு ரகம் இருக்கு. ஒரு அடி அடிச்சுட்டு, எதிரொலியைக் காது கொடுத்துக் கேட்கும். கறுப்பு மணலை அது கண்டுக்கவே கண்டுக்காது, சூப்பர்! ஆனா அது கேட்க ஆரம்பிக்கிறதுக்குள்ள குட்டித் தங்கத்தோட எதிரொலி செத்தே போயிடும். விலையும் எக்கச்சக்கம்.

கடைக்காரர் கேட்லாக்கைக் காட்டினா மயங்காதீங்க. ஒரு மூக்குத்தியைக் கறுப்பு மணல்ல ரெண்டு விரல்கடை ஆழத்துல புதைச்சு, 'அண்ணே, கண்டுபிடிங்க'ன்னு சொல்லுங்க. இன்னொண்ணு. ஒரு பவுன் மோதிரத்துக்குக் கத்துற மெஷின், அதே ஒரு பவுன் மெல்லிசு செயினுக்கு முனகத்தான் செய்யும். ஏன்னா செயினோட ஒவ்வொரு கண்ணியும் அதுக்குத் தனித்தனிப் பொடி. ரெண்டையும் வெச்சுப் பாருங்க. ரெண்டுமே அம்மாகிட்ட சொல்லிட்டு எடுத்துட்டு வந்ததா இருக்கட்டும்!

மாவு மாதிரி இருக்கிற தங்கத்தூளுக்கு எந்த மெஷினும் ஆகாது. கேரளாவுல நிலம்பூர் பக்கம் சாலியாற்று மணலை மரத்தட்டுல அலசித்தான் எடுத்தாங்க. தங்கம் தண்ணியைவிட 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்கு சொச்சம். தட்டை ஆட்ட ஆட்ட மணல் ஓடிடும், தங்கம் அடியில தங்கிடும். பேட்டரி தேவையே இல்லை.

பஸ் சின்னமனூரைத் தாண்டுது. மேற்கே மலை தெரியுதா? எங்க மாவட்டத்துல 'டிடெக்டர்'னு சொன்னா பெருசுங்களுக்கு ஞாபகம் வர்றது அந்தப் பக்கம்தான். பொட்டிபுரத்துல மலையைக் குடைஞ்சு, 50,000 டன் இரும்புல நியூட்ரினோ டிடெக்டர் வைக்கிற திட்டத்துக்கு 2015-ல மத்திய அமைச்சரவை ஓகே சொல்லிச்சு. மக்கள் எதிர்த்தாங்க. 2022-ல தமிழக அரசும் சுப்ரீம் கோர்ட்ல 'வேண்டாம்'னு சொல்லிடுச்சு. நம்ம டிடெக்டருக்கு இரும்புதான் எதிரி, அதுக்கு இரும்புதான் உடம்பு!

உத்தமபாளையம், கம்பம் தாண்டறதுக்குள்ள பக்கத்து சீட்ல யாராவது 'தம்பி, நம்மகிட்ட ஒரு மெஷின் இருக்கு. நூறு மீட்டர் தூரத்துலயே தங்கம் இருக்கிற திசையைக் காட்டும்'னு ஆரம்பிச்சா, தயவுசெஞ்சு தூங்கிடுங்க. கைப்பிடியில ஆன்டெனா ஆடுற அந்தச் சரக்குக்குள்ள ஒண்ணுமே கிடையாது. இங்கிலாந்துல ஜேம்ஸ் மெக்கார்மிக்னு ஒருத்தர், கோல்ஃப் பந்து தேடுற பொம்மைக் கருவியை மாதிரியா வெச்சு 'வெடிகுண்டு டிடெக்டர்'னு ஈராக்குக்கே வித்தார். அதை நம்பிச் சோதனைச் சாவடியில நின்னவங்க கதியை யோசிங்க. 2013-ல அவருக்குப் பத்து வருஷ ஜெயில். நம்ம ஊர் இரிடியம் கலசம், 'ரைஸ் புல்லர்' எல்லாமே இதோட ஒண்ணுவிட்ட தம்பிங்கதான். ஃபீஸ் கட்ட வெச்சிருந்த பணம் போறது பெரும்பாலும் இவங்க வழியாத்தான்.

இதோ, கூடலூர் வந்தாச்சு. இங்கே நான் பெருமையாச் சொல்ற புதையல் ஒண்ணு இருக்கு. 2006-ல ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக்காரங்க தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு கல், 'கூடல் ஊர்'ல நடந்த ஆநிரைச் சண்டையில செத்துப்போன ஒரு வீரனைப் பத்திச் சொல்லுது. அந்த ஊர் இந்தக் கூடலூராத்தான் இருக்கும்னு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க. ஈராயிரம் வருஷத்துக் கல்லு. எந்த டிடெக்டரை மேல ஓட்டினாலும் 'பீப்' வராது. ஆணிக்கும் சோடா மூடிக்கும் குழி தோண்டறவன், இந்த மாதிரிக் கல்லைத்தான் முதல்ல கடப்பாரையால உடைப்பான். பழைய இடம்னு தெரிஞ்சா மண்வெட்டியை வெளியே எடுக்காதீங்க, ப்ளீஸ்.

மேகமலைப் பக்கம் போலாம்னு நினைக்காதீங்க. 2021-ல இருந்து அது புலிகள் காப்பகம். ஆத்துல இயற்கையாக் கிடைக்கிற தங்கம் கனிமக் கணக்குல வரும், லைசென்ஸ் வேணும். யாரோ புதைச்சு வெச்ச தங்கம்னா 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஆமா, வெறும் பத்து ரூபாய்தான்! கலெக்டர் ஆபீஸ் தேனியில, நீங்க பஸ் ஏறின ஊர்லயே இருக்கு.