பேரனின் கம்ப்யூட்டரும் என் நோட்டுப் புத்தகமும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் என் மகள் வயிற்றுப் பேரன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, எங்களோடுதான் இருக்கிறான். கேம் ஆடி ஆடிக் கம்ப்யூட்டரைக் கெடுத்தான் என்பது குற்றம். குற்றம் சாட்டியவன் நான்.

அவன் இரண்டு வருடம் பணம் சேர்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, தானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. பாட்டு, சினிமா, கல்லூரிப் பாடம் என்று நாள் முழுக்க ஓடும். பெரிய கேம் ஒன்றைப் போட்டால் மட்டும் சில நாள் நடுவில் திரை கறுத்து, தானே மறுபடி முதலிலிருந்து கிளம்பும். புராஜெக்ட் வீடியோ தயாரிக்கும்போதும் ஒரு தடவை அப்படியாகி, மூன்று மணி நேர வேலை போயிற்று.

கடையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலையே பழைய கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டு, "கேம் ஆடியே மிஷினைப் பாழாக்கிட்டான். வித்துடச் சொல்லும்மா" என்றேன். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான்.

ராத்திரி சாப்பிடும்போது ஒன்று மட்டும் கேட்டான். "நான் ஆடித்தான் கெட்டுச்சுன்னா, கடையில அவ்வளவு நேரம் ஓட்டுனப்ப ஏன் தாத்தா நிக்கல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆபீசில் இத்தனை வருடம் கோப்பு பார்த்தவன், காகிதம் இல்லாமல் எதற்கும் குறிப்பு எழுதியதில்லை. சொந்தப் பேரன் விஷயத்தில் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், என்ன ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை டிகிரி சூடு, அப்போது வீட்டில் வேறென்ன நடந்தது. கடைசிக் கட்டத்தைப் பார்த்து அவன் சிரித்தான். ஆபீஸ் பழக்கம், விட முடியவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவது என்று முடிவு செய்தோம். முதலில் சூடு. பெட்டியைத் திறந்து தூசி தட்டினான். கிராஃபிக்ஸ் கார்டு 78 டிகிரிக்கு மேல் போகவில்லை. அது தாங்கக்கூடிய சூடுதானாம். அடுத்து ரேம். ராத்திரி முழுக்கச் சோதனை ஓடியது, பிழை இல்லை. விண்டோஸ் தவறு கண்டால் தானே ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை நிறுத்தி வைத்தான். மென்பொருள் கோளாறு என்றால் பிழைத் திரை வந்து நிற்குமாம். எங்களுக்கு அந்தத் திரையே வரவில்லை, நேராக இருட்டுதான். விண்டோஸின் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் இருந்தது. முறையாக மூடாமல் நின்றுபோய் மறுபடி கிளம்பியது என்பதுதான் அதன் பொருள். எதனால் என்று அது சொல்லாது.

ஆறு நாளில் நாலு தடவை நின்றது. நாலும் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் ஆடியும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் கட்டத்தில் மூன்று இடத்தில் 'மோட்டார் போட்டாச்சு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நாலாவது நாள் கட்டம் காலி. வீட்டுக்காரியைக் கேட்டேன். "அன்னிக்கும்தான் போட்டேன். தண்ணி வேணாமா?" என்றாள்.

எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் விளக்கு ஒரு கணம் மங்கும். பல வருடமாகப் பழகியதால் யாரும் கவனிப்பதில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டு இழுக்கும்; வோல்டேஜ் இறங்கும். உடனே யுபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறும். பிரெஞ்சுப் பள்ளியில் வோல்ட்டும் ஆம்பியரும் படித்தவன்தான் நான். ஆனாலும் அந்த 'டக்' என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

சோதித்தோம். கேம் இல்லாமல் மோட்டார் போட்டால் 'டக்' மட்டும். கேம் ஓடும்போது போட்டால் 'டக்', இருட்டு. யுபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவரில் செருகி, கேம் ஓடும்போது மோட்டார் போட்டோம். நிற்கவில்லை.

யுபிஎஸ்ஸின் பின்புறம் 600 விஏ, 360 வாட் என்று இருந்தது. விஏ பெரிய எண்ணாகத் தெரியும். நாம் பார்க்க வேண்டியது வாட்டைத்தான். சும்மா இருக்கும்போது அவன் கம்ப்யூட்டர் நூறு வாட்டுக்குள் அடங்கும். கேம் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 200. பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் 350ஐத் தொடும். புது பேட்டரிக்கே அது விளிம்பு. இதுவோ நாலு வருடப் பேட்டரி. அந்த ஒரு கணத்தைத் தாங்காமல் விழுந்துவிடும். அதற்குள் லைன் சரியாகி, கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும்.

அந்த யுபிஎஸ் என்னுடையது. என் பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கியது. அவன் புதிது கேட்டபோது, "எதுக்குடா வீண் செலவு, இது நல்லாத்தானே இருக்கு" என்று அந்த மேசைக்கடியில் வைத்தவனே நான்தான்.

இப்போது 1000 விஏ, 600 வாட் யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறோம், என் பென்ஷனில். மூன்று வாரமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. மோட்டாரும் அதே நேரத்தில்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் இப்படி நின்றால், செலவு செய்யும் முன் எந்த நேரத்தில் நிற்கிறது என்று நாலு நாள் எழுதிப் பாருங்கள். யுபிஎஸ்ஸின் வயதையும் வாட்டையும் பாருங்கள்.

மகளுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன், அவன் எதிரிலேயே. நோட்டின் கடைசி வரியில் அவன் 'காரணம்: யுபிஎஸ்' என்று எழுதி முடித்திருந்தான். அதன் கீழே 'வழங்கியவர்: தாத்தா' என்று நான் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.