ஏடும் இசையும்

ஐரோப்பிய இசையில் அறையிசை என்பது ஒரு வகை. பேரவையில் நூற்றுவர் கூடி முழக்குவது அன்று அது. சிலர் மட்டும் ஓரறையில் அமர்ந்து, பகுதிக்கு ஒருவராக இசைப்பது. கோலேந்தி நடத்துவார் அங்கு இல்லை. ஒருவர் வாசிப்பை மற்றவர் செவிமடுத்தே தம் பகுதியை வாசித்தல் வேண்டும். பிழை செய்தவர் மறைந்துகொள்ளவும் இடமில்லை.

இவ்விசையில் புலமையையும் வாசிப்பையும் ஒருங்கே பேணியவருள் ஒருவர் நிக்கொலாஸ் ஆர்னோன்கூர். 1929-இல் பெர்லினில் பிறந்து, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வளர்ந்த அவர், 1952 முதல் வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். செல்லோ என்பது வயலின் இனத்தைச் சேர்ந்த, ஆழ்ந்த குரலுடைய பெருங்கருவி. பிழைப்புக்கு அப்பணி, நெஞ்சமோ பழைய இசை ஏடுகளில் இருந்தது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஏடுகளில் சுரங்கள் உள்ளன. எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது, எங்கே அணி சேர்ப்பது என்பன பெரும்பாலும் இல்லை. அக்காலத்தார் அவற்றை ஆசிரியரிடம் கேட்டே அறிந்திருந்தனர். எழுத வேண்டிய தேவை எழவில்லை. வழக்கு அற்றபின் ஏடு ஊமையாயிற்று. குவான்ட்ஸ் 1752-இல் குழலைப் பற்றியும், லெயொபோல்டு மொசார்ட் 1756-இல் வயலினைப் பற்றியும் இயற்றிய நூல்கள் அவ்வழக்கை ஓரளவு காட்டின. ஒரே அளவாக எழுதப்பட்ட சுரங்களையும் நம் நெடிலும் குறிலும்போல் வேறுபடுத்தி வாசிப்பதுண்டு என்பது அவற்றால் தெரியவந்தது.

தெரிந்தால் மட்டும் போதுமா? 1953-இல் ஆர்னோன்கூரும், வயலின் வல்லவரான அவர் மனைவி ஆலிசும், நண்பர் சிலரும் கொன்சென்டஸ் மூசிகுஸ் என்னும் குழுவை அமைத்தனர். பழைய கருவிகளைத் தேடிக் கொணர்ந்து, உலோகக் கம்பியை நீக்கி விலங்கின் குடலால் ஆகிய நரம்பைப் பூட்டினர். (யாழுக்கு நரம்பு என்று வழங்கிய தமிழர்க்கு இது புதுமையன்று.) காற்றில் ஈரம் மிகுந்தால் அந்நரம்பின் சுருதி கலையும்; மீண்டும் கூட்டவேண்டும். ஆயினும் நூல் தராத விளக்கத்தை அக்கருவிகளே தந்தன. பழைய வில் இழுக்குந்தோறும் ஒலி அழுந்தத் தொடங்கித் தானே மெலியும். பேசுவார் சொல்லை எடுத்து விடுப்பதுபோல. இசையும் ஒருவகை உரையே என்னும் பழங்கருத்தின் பொருள் அப்போதுதான் கைக்கு எட்டிற்று. கை ஐயுற்றதை நூலில் தேடினர். நூல் கூறியதைக் கையால் சோதித்தனர். இவ்வாறு நான்கு ஆண்டு பயின்ற பின்னரே, 1957-இல் பொது மக்கள் முன் வந்தனர். அரங்கேற அவசரப்படுவோர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

1969-இல் பழைய பணியை விட்ட அவர், 1973 முதல் சால்ஸ்பர்க் நகரின் மொசார்ட்டேயத்தில் கற்பித்தார். செல்லோவுடன் நடுவில் அமர்ந்தே பல்லாண்டு தம் குழுவை நடத்தினார். முன்னோர் வாசித்தது இவ்வாறேதான் என்று அவர் சாதிக்கவில்லை. காட்சிச்சாலைப் பொருள்போல் இசையைக் காப்பதை வெறுத்தார். 2015 டிசம்பரில் மேடையினின்று விலகுவதாக இசையன்பர்க்குத் தம் கையால் கடிதம் எழுதினார். 2016 மார்ச்சில் மறைந்தார். அவர் தோற்றுவித்த குழு இன்றும் இசைத்து வருகின்றது.