தொட்டியின் மூச்சு

எண்ணெய்த் தகரத்தில் ஒரே ஒரு துளையிட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் விழும். எதிர்மூலையில் இன்னொரு துளையிட்டதும் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும் என்பது சமையலறை அறிந்த இயற்பியல். வாகனத்தின் பெட்ரோல் தொட்டிக்கும் விதி அதுவே.

மைசூருவில் ஒரு தலைமுறை இதைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தது. யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. அக்கால வண்டிகளில் காற்றுத்துளை தொட்டியின் மூடியிலேயே இருக்கும். அதில் அழுக்கு அடைத்துக்கொண்டால் வண்டி சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகும். வண்டி மறுபடி கிளம்பும். காரணம் தெரியாதவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்புவார். தெரிந்தவர் ஒரு குண்டூசியோடு வேலையை முடித்துவிடுவார்.

அதே நகரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் யெஸ்டி வண்டிகளில் தொழில் பழகியவர், பூர்வீகம் சேலம். மென்பொருள் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர் ஒருவர், டர்போ பொருத்திய தம் பழைய காரை அவரிடம் கொண்டுவந்தார். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கான வண்டி அது. நிறுவனத்தின் மூல வடிவமைப்பை மாற்றிய வாகனத்தைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எடையைக் குறைப்பதற்காகப் பழைய தொட்டி அகற்றப்பட்டு, டிக்கியில் அலுமினியத் தொட்டி அமர்த்தப்பட்டிருந்தது. பெட்ரோல் ஆவியை ஈர்த்துவைத்துப் பின்னர் எஞ்சினுக்கே அனுப்பும் கரிக் குடுவையும் கழற்றப்பட்டிருந்தது. எஞ்சிய காற்றுக்குழாயின் முனை டிக்கிக்குள்ளேயே திறந்து கிடந்திருக்கிறது. வாடை தாங்காமல் இளைஞர் அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தார்.

“இப்ப வாடை போயிருச்சுண்ணே.”

“வாடை போகல தம்பி. மூச்சுதான் போயிருச்சு.”

மெக்கானிக்கின் அந்தச் சொல் மிகையன்று. சாதாரண 80 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். டர்போவின் துணையோடு 400 குதிரைத்திறன் தரும் எஞ்சினுக்கு 2 லிட்டருக்கு மேல் வேண்டும். அதே அளவு காற்று தொட்டிக்குள் வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். பம்ப் திரவத்துக்குப் பதில் குமிழிகளை இழுக்கும். டர்போ உச்ச அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும் அந்த நொடியில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகிப் போகலாம்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மணிக்கு 250 லிட்டர் தள்ளும் பம்ப், 40 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரச் செய்கிறது. எஞ்சின் எரித்தது போக மீதி, சூடேறித் தொட்டிக்கே திரும்புகிறது. சூடு கூடக்கூட ஆவி பெருகுகிறது. உயரமும் தன் பங்குக்கு வேலை செய்யும். மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மைசூருவில் அடைத்த தொட்டி உதகை போய்ச் சேரும்போது, வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால், ஒவ்வொரு சதுர அடித் தகட்டையும் சுமார் 145 கிலோ எடைக்கு நிகரான விசை வெளிநோக்கித் தள்ளும். உதகையில் அடைத்துக் கீழே இறங்கினால் அதே விசை தொட்டியை உள்நோக்கி நசுக்கும்.

அப்படியானால் போல்ட்டைக் கழற்றிவிட்டால் போதுமா? போதாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்து போகாது. டிக்கியின் தரையில் தேங்கும். காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். வாடை ஓர் எச்சரிக்கை. இளைஞர் ஆபத்தை அப்படியே விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் நிறுத்தியிருந்தார்.

மெக்கானிக் இரண்டு நாள் கேட்டார். தொட்டியின் உச்சியிலிருந்து புதிய குழாயை எடுத்து, தொட்டியைச் சுற்றி வளைத்து, உடற்பகுதிக்கு வெளியே, புகைக்குழாய்க்கு எட்டாத இடத்தில், தொட்டியின் மட்டத்துக்குக் கீழே முடித்தார். வண்டி எந்தப் பக்கம் உருண்டாலும் குழாயின் ஏதோ ஒரு பகுதி பெட்ரோல் மட்டத்துக்கு மேலே நிற்பதற்காகவே அந்தச் சுற்று. நடுவில் ஒரு வால்வு: நிமிர்ந்திருக்கையில் திறந்திருக்கும், கவிழ்ந்தால் அதனுள்ளிருக்கும் குண்டு விழுந்து வாயை மூடிவிடும். முனையில் தூசு புகாமல் ஒரு சிறு வடிகட்டி. டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு சொல்லும் அளவுக்கு இல்லை. அந்த வாரத் தடப் பயிற்சி தவறிப்போனதில் இளைஞருக்கு வருத்தம்தான். வேலை முடியும்வரை சாவி மட்டும் கைக்கு வரவில்லை.

பட்டறைகளில் இந்த உறுப்புக்கு ‘வென்ட்’ என்றும் ‘பிரீதர்’ என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. முதலாவதைக் ‘காற்றுப்போக்கி’ என்று தமிழாக்கினால் அதன் வேலையில் பாதி விடுபட்டுவிடும்; வெளியேற்றுவது மட்டுமே கடமை என்று தோன்றும். மெக்கானிக் சொன்ன ‘மூச்சு’ என்ற சொல்லில் உள்ளே வாங்குவதும் வெளியே விடுவதும் அடங்கியிருக்கின்றன. முங்குபவன் மூச்சை அடக்குவதுபோல, வண்டி கவிழும்போது அடக்கிக்கொள்வதும் அதில் சேரும். கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைப் புரட்டும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்வரலாம்.